சேவைச் சங்கத்தில் புதியவரா? பேச்சாளரை அழைப்பதிலிருந்து கண் முகாம் வரை

ஜூலை பிறந்தால் ஊருக்கு ஊர் பதவியேற்பு விழா பிளெக்ஸ்கள் முளைத்துவிடும். ரோட்டரிக்கும் அரிமா (லயன்ஸ்) சங்கத்துக்கும் ஆண்டு என்பது ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடிவது. நண்பர் யாரோ இழுத்துவந்து உங்களைச் சேர்த்திருப்பார். இரண்டாவது கூட்டத்திலேயே, "சார் புதுசு, சுறுசுறுப்பா இருக்கார், நிகழ்ச்சிப் பொறுப்பை அவர்கிட்டயே கொடுத்துடலாம்" என்று தலையில் கட்டிவிடுவார்கள். என் கதையும் அதுதான். நான் எந்தச் சங்கம் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் எதிர்ச் சங்கத்து நண்பர்கள் இதற்கு மேல் படிக்க மாட்டார்கள்.

பொறுப்புக்கு வந்தவருக்கு இரண்டு கவலைகள். அடுத்த கூட்டத்துக்கு யாரைப் பேச அழைப்பது? அடுத்த மாதம் என்ன சேவை செய்வது? இரண்டும் வேறு வேறு வேலை என்று நினைத்து முதல் இரண்டு ஆண்டுகளை ஓட்டினேன். பேச்சாளர்கள் வந்தார்கள், பொன்னாடை வாங்கினார்கள், போனார்கள். முகாம்கள் தனியே நடந்தன. அது தப்பு என்று எனக்குப் புரிய வைத்தது நூறு ஆண்டுக்கு முந்தைய ஒரு பேச்சு.

1925 ஜூன் 30. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து சீடார் பாயின்ட்டில் அரிமா சங்கங்களின் மாநாடு. சிகாகோவில் காப்பீட்டுத் தொழில் செய்த மெல்வின் ஜோன்ஸ் 1917-இல் தொடங்கிவைத்த அமைப்பு. அப்போது அதற்கு வயது எட்டுதான். பேச வந்தவர் ஹெலன் கெல்லர். பார்வையும் செவியும் சிறு குழந்தையாக இருந்தபோதே போனவர். உங்கள் சேவை மகத்தானது என்று பாராட்டிவிட்டு அவர் உட்கார்ந்துவிடவில்லை. தடுக்கக்கூடிய பார்வையிழப்பே இல்லாமல் போக வேண்டும், பார்வையற்ற குழந்தை எதுவும் படிக்காமல் இருக்கக்கூடாது, அதற்கு நீங்கள் உதவுவீர்களா என்று கேட்டார். அரிமா சங்கம் என்றதும் கண் முகாமும் கண்ணாடியும் இன்றைக்கும் நம் நினைவுக்கு வருவது அந்த ஒரு பேச்சால்தான்.

ஆகவே, கீழே நான் சொல்வதெல்லாம் ஒன்றைச் சுற்றித்தான்: பேசி முடிக்கும்போது விருந்தினர் நம் கையில் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டுப் போகும்படி ஏற்பாடு செய்யுங்கள்.

முதலில் இரண்டு மாதம் கவனியுங்கள்

பொறுப்பை வாங்கிக்கொண்ட அன்றைக்கே யாருக்கும் போன் போடாதீர்கள். கூட்டம் ஏழு மணி என்றால் உண்மையில் எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, சாப்பாட்டுக்கு மட்டும் வருபவர் எத்தனை பேர், கேள்வி கேட்பவர் யார், கேள்வி கேட்கிறேன் என்று தனிச் சொற்பொழிவு நிகழ்த்துபவர் யார் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எல்லாம் உதவும்.

முக்கியமாக, யார் என்ன தொழில் செய்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் கூட்டிய முதல் ரோட்டரி கூட்டத்துக்கு வந்தவர்கள் மொத்தம் நான்கு பேர். அவரைத் தவிர ஒரு நிலக்கரி வியாபாரி, ஒரு சுரங்கப் பொறியாளர், ஒரு தையல் தொழில்காரர். ஒருவர் மாற்றி ஒருவர் இடத்தில் சுழன்று சுழன்று கூடியதால் வந்த பெயர்தான் ரோட்டரி. வெவ்வேறு தொழில்காரர் ஒரே மேசையில் உட்காருவதுதான் இந்தச் சங்கங்களின் ஆதி அழகு.

அதனால் உங்கள் முதல் பேச்சாளர்கள் உள்ளேயே இருக்கிறார்கள். எங்களிடம் ஒரு அரிசி ஆலைக்காரர் இருக்கிறார். பத்து வருடமாக மேடையேறாத மனிதர். நெல்லை ஏன் அவிக்கிறோம், புது அரிசி ஏன் குழைகிறது, பாலீஷ் போட்டால் என்ன போகிறது என்று இருபது நிமிடம் பேசினார். அன்றைக்குத் தோசை ஆறியதை யாரும் கவனிக்கவில்லை. இப்படி மூன்று உறுப்பினர்களைத் தயாராக வைத்திருங்கள். கடைசி நேரத்தில் கலெக்டர் ஆபீஸிலிருந்து, "ஐயாவுக்கு அவசர மீட்டிங்" என்று போன் வரும்போது அவர்கள்தான் காப்பாற்றுவார்கள். கட்டாயம் வரும், அந்த போன்.

யாரை அழைப்பது

பெயருக்காக அழைக்காதீர்கள், தேவைக்காக அழையுங்கள். மூத்த குடிமக்களைக் குறிவைத்து ஓ.டி.பி. மோசடி நடந்துகொண்டிருந்தால் சைபர் கிரைம் பிரிவுக் காவல் அதிகாரியை அழைக்கலாம். ஏமாந்த உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும் என்பது எங்கள் உறுப்பினர்களில் பாதிப் பேருக்கு அவர் சொல்லித்தான் தெரிந்தது. அந்த எண்ணை அச்சடித்து ஊரிலுள்ள பென்ஷன்தாரர்களுக்குக் கொடுங்கள் என்று கேட்டார், கொடுத்தோம். பேச்சு வேலையாக மாறுவது என்றால் இவ்வளவுதான்.

பட்டிமன்றப் பேச்சாளரை அழைப்பதில் தப்பில்லை. ஆண்டுக்கு ஒன்றிரண்டு சிரிக்கவும் வேண்டும். ஆனால் பேச்சே அவர்களுக்குப் பிழைப்பு. "சேவைச் சங்கம்தானே, சும்மா வந்து பேசுங்க" என்று கேட்பது அநியாயம். தொகையை முதல் போனிலேயே பேசிவிடுங்கள். மருத்துவர், பேராசிரியர், அதிகாரி போன்றவர்கள் பெரும்பாலும் பணம் வாங்க மாட்டார்கள். போக்குவரத்துச் செலவையாவது கேட்டுக் கொடுக்க வேண்டும். அதையும் மேடையில் கவராக நீட்டாமல், பொருளாளர் தனியே கொடுப்பதே மரியாதை.

கட்சி அரசியலும் மதப் பிரசாரமும் இரண்டு சங்கங்களிலும் கூடாது. பேச்சாளருக்கு இதை முன்பே சொல்லுங்கள். தேர்தல் நேரத்தில் வேட்பாளராக வாய்ப்புள்ள யாரையும் மேடையில் ஏற்றாதீர்கள், சொந்த மச்சானாக இருந்தாலும்.

அழைப்பது எப்படி

குறைந்தது ஒரு மாதம் முன்பு போன் செய்யுங்கள். அதற்கு முன் தினசரி காலண்டரில் அன்று முகூர்த்தமா என்று பாருங்கள். முகூர்த்த நாளில் கூட்டம் போட்டால் பேச்சாளர், தலைவர், செயலர் தவிர நாற்காலிகள்தான் கேட்டுக்கொண்டிருக்கும்.

அவர் ஒப்புக்கொண்டதும் எல்லாவற்றையும் எழுதி அனுப்புங்கள். தேதி, கிழமை, இடம், இடத்தின் லொகேஷன், எத்தனை பேர் வருவார்கள், அவர்கள் யார், எவ்வளவு நேரம், மைக்கும் புரொஜெக்டரும் உண்டா, முன்னாலும் பின்னாலும் யார் பேசுகிறார்கள், யார் வந்து கூட்டிப்போவார்கள், இரவுச் சாப்பாடு உண்டா. நேரம் 20 நிமிடம் என்று சொல்லிவிடுங்கள். 30 ஆகும், அது வேறு விஷயம்.

அதோடு இந்த ஒரு வரியை மறக்காமல் சேருங்கள்: "பேச்சின் முடிவில், எங்களைப் போன்ற முப்பது பேரால் ஆகக்கூடிய ஒரு வேலையைச் சொல்லுங்கள்." இதைக் கேட்டு யாரும் கோபித்ததில்லை. பலர் இதற்காகவே வேறு மாதிரி தயாரித்துக்கொண்டு வந்தார்கள்.

பெயரையும் முன்னெழுத்தையும் அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நாங்கள் ஒருமுறை முன்னெழுத்தைத் தப்பாகப் போட்டு நினைவுப் பரிசே அடித்துவிட்டோம். அவர் சிரித்துக்கொண்டே, "இது எங்க சித்தப்பா பையன் பேரு, அவன்கிட்ட கொடுத்துடறேன்" என்றார். அந்த மாலை முழுக்க என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அந்த மாலை

தமிழ்த்தாய் வாழ்த்துக்கு 55 வினாடி. அதன் பிறகு ஒவ்வொருவரும் எழுந்து மேடையிலுள்ள எல்லாரையும் "அவர்களே, அவர்களே" என்று விளிப்பதற்கு மொத்தம் பதினைந்து நிமிடம். இதை ஒழிக்க நான் எடுத்த முயற்சிகள் தோற்றன. ஆனால் ஒரு வழி உண்டு: தலைவர் ஒருவர் மட்டும் எல்லாரையும் விளித்துவிட்டு, "மற்றவர்கள் நேரம் கருதி நேராகப் பேச்சுக்கு வரலாம்" என்று மேடையிலிருந்தே அறிவித்துவிட வேண்டும். தலைவர் வாயால் வந்தால் யாருக்கும் வருத்தமில்லை.

விருந்தினரை அறிமுகம் செய்ய ஐந்து வரி போதும். அவர் வாங்கிய பட்டங்களை எல்லாம் வாசித்தால் அவரே நெளிவார். சாப்பாடு பரிமாறும் ஆட்களைப் பேச்சு முடியும்வரை தட்டில் கைவைக்காமல் இருக்கச் சொல்லுங்கள். எவர்சில்வர் சத்தத்தோடு போட்டிபோட எந்தப் பேச்சாளராலும் முடியாது.

கேள்வி நேரத்தில் முதல் கேள்வியை யாரிடமாவது முன்பே சொல்லிவைத்துவிடுங்கள். முதல் ஆள் எழுந்தால்தான் அடுத்தவர் எழுவார். சொற்பொழிவு நிகழ்த்தும் அந்த உறுப்பினருக்கு நன்றியுரையைக் கொடுத்துவிட்டால் கேள்வி நேரத்தில் அமைதியாக இருப்பார்.

மறுநாள் காலை நன்றிச் செய்தி போக வேண்டும். படங்கள் மட்டும் போதாது. நீங்கள் சொன்ன வேலையை இன்னார் எடுத்துக்கொண்டார், இந்தத் தேதிக்குள் முடிப்போம் என்று எழுதுங்கள். வேலை முடிந்ததும் திரும்ப ஒரு செய்தி. அப்படி இரண்டாவது செய்தி அனுப்பும் சங்கங்கள் குறைவு. அனுப்பினால் அடுத்த முறை அவர் கேட்காமலே தேதி கொடுப்பார்.

பள்ளிக்கூடமும் ரத்த தானமும்

சேவை என்றதும் நம் ஆட்களுக்கு முதலில் தோன்றுவது அரசுப் பள்ளிக்கு நோட்டுப் புத்தகம். பாடநூல், நோட்டு, சீருடை, பை, காலணி என்று தமிழக அரசே இலவசமாகக் கொடுக்கிறது. நாம் கொடுக்கும் நோட்டு வீட்டில் பால் கணக்கு எழுதத்தான் போகும். தலைமை ஆசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிலிருக்கும் பெற்றோரிடமும் உட்கார்ந்து கேளுங்கள். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்பார்கள், தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இல்லை என்பார்கள். சில ஆயிரங்களில் முடிகிற வேலை, ஆனால் பெண் குழந்தைகளுக்குப் பெரிய நிம்மதி. திறப்பு விழாவும் கல்வெட்டும் இருக்காது என்பதால் சங்கத்தில் கொஞ்சம் சுணக்கம் இருக்கும், சமாளியுங்கள்.

இயந்திரம் எதையாவது கொடுத்தால் பராமரிப்பையும் சேர்த்துக் கொடுங்கள். நாங்கள் ஒரு பள்ளிக்குக் குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் கொடுத்தோம், ரிப்பன் வெட்டினோம். ஒன்றரை வருடம் கழித்துப் போனால் அதன்மேல் துடைப்பம் சாத்தியிருந்தது. ஃபில்டர் மாற்ற யாரிடமும் பணமில்லை. பள்ளியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தச் செலவை நாங்கள்தான் கணக்கில் எடுக்கவில்லை.

ரத்த தான முகாம் நடத்துவது சுலபம், ஆனால் தேதிதான் எல்லாம். உரிமம் பெற்ற ரத்த வங்கியோடு மட்டும் சேர்ந்து நடத்த வேண்டும். அரசு மருத்துவமனை ரத்த வங்கி என்றால் இன்னும் நல்லது. எத்தனை யூனிட் வேண்டும் என்று அவர்களைக் கேளுங்கள், நீங்கள் முடிவு செய்யாதீர்கள். சிவப்பணுக்களைச் சுமார் 35 முதல் 42 நாள்வரைதான் வைத்திருக்க முடியும். எல்லா அமைப்பும் சுதந்திர தினத்துக்கும் தலைவர்கள் பிறந்தநாளுக்கும் முகாம் போட்டால் ரத்தம் ஒரே நேரத்தில் குவிந்துவிடும். கல்லூரிகள் மூடிக்கிடக்கும் ஏப்ரல், மே மாதங்களில் ரத்த வங்கிக்காரர்கள் கொடையாளர் தேடி அலைவார்கள். நீங்கள் அப்போது போடுங்கள்.

வருபவருக்கு வயது 18 முதல் 65, எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும். கடைசியாகக் கொடுத்து ஆண்களுக்கு மூன்று மாதம், பெண்களுக்கு நான்கு மாதம் ஆகியிருக்க வேண்டும். வெறும் வயிற்றில் வரக்கூடாது என்பதை நோட்டீஸிலேயே பெரிதாகப் போடுங்கள். எண்ணிக்கை காட்ட வேண்டும் என்று கடைப் பையன்களை வரிசையில் நிறுத்தும் முதலாளிகள் உண்டு. அதை அனுமதிக்காதீர்கள், மனசில்லாமல் படுப்பவன் தன் உடல்நிலையைப் பற்றி மறைக்காமல் பதில் சொல்ல மாட்டான்.

பணம்

சுருக்கமாக: சங்கச் செலவுக்கு ஒரு வங்கிக் கணக்கு, சேவைக்கு வேறு கணக்கு. ஊராரிடம் வாங்கிய நன்கொடையிலிருந்து நம் இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு ரூபாய் போகக்கூடாது. வரிவிலக்கு ரசீது கேட்பவரிடம் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்காதீர்கள். அதற்கு மேற்பட்ட ரொக்கத்துக்கு விலக்கு கிடைக்காது. வங்கி வழியே அனுப்பச் சொல்லுங்கள். முகாம் முடிந்த வாரமே வரவு செலவை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள், யாரும் கேட்பதற்கு முன்னால்.

கண் முகாம்

எத்தனையோ சேவைகள் இருக்க, ஒன்றை எடுத்து ஆண்டுக்கணக்கில் செய்வதுதான் பலன் தருகிறது என்பது என் கட்சி. ரோட்டரி 1985-இல் போலியோவைக் கையில் எடுத்தது. இந்தியாவின் கடைசிப் போலியோ பாதிப்பு 2011 ஜனவரி 13 அன்று ஹவுராவில் பதிவானது. இடையில் 26 ஆண்டுகள். எங்கள் சங்கம் அத்தனை பெரியதில்லை. நாங்கள் எடுத்துக்கொண்டது கண்புரை.

டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை போன்ற இடங்களில் முகாமுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. அவர்களுக்கு எழுதித் தேதி வாங்குங்கள். சிகிச்சை அவர்கள் பொறுப்பு. இடம், விளம்பரம், ஆட்களைக் கூட்டிவருவது, சாப்பாடு ஆகியவை சங்கத்தின் பொறுப்பு. முகாமில் பரிசோதனை மட்டும்தான் நடக்கும். அறுவை தேவைப்படுபவர்களைப் பேருந்தில் மருத்துவமனைக்கு அழைத்துப் போய், முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள்.

இடத்துக்குப் பள்ளிக்கூடம்தான் சரி. பார்வைப் பரிசோதனைக்கு 6 மீட்டர் நீளம் வேண்டும், வராந்தா அதற்குப் பொருத்தம். ஜன்னலை மூடினால் இருட்டாகும் வகுப்பறை ஒன்று வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நடத்துங்கள், நடவு, அறுப்பு நாட்களைத் தவிருங்கள். விளம்பரத்துக்கு பிளெக்ஸ் பயனில்லை. புரை விழுந்த கண்ணுக்கு பிளெக்ஸ் எப்படித் தெரியும்? ஆட்டோவில் மைக் கட்டி முந்தின இரண்டு நாள் ஊர் ஊராகப் போகச் சொல்லுங்கள். ரேஷன் கடையிலும் டீக்கடையிலும் சொல்லி வையுங்கள். ஆதார் நகல், இரண்டு செட் துணி, சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டு ஆகியவற்றோடு வரச் சொல்ல வேண்டும். சர்க்கரையோ ரத்த அழுத்தமோ அதிகமிருந்தால் அறுவையைத் தள்ளிப்போடுவார்கள் என்பதையும் முன்பே சொன்னால் மனவருத்தம் குறையும்.

தேர்வாகியும் பேருந்தில் ஏறாதவர்கள் இருப்பார்கள். பயம் என்று நாமாக முடிவு கட்டிவிடுகிறோம். கேட்டுப் பார்த்தால், "ஆட்டை யாரு மேய்ப்பா?" என்பார்கள். பேரனைப் பள்ளிக்கு அனுப்ப ஆளில்லை என்பார்கள். பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லி ஏற்பாடு செய்தால் பாதிப் பேர் ஏறிவிடுவார்கள். அதற்கு உறுப்பினர் ஒருவர், ஊர்க்காரர் ஒருவர், வண்டி ஒன்று என்று தயாராக இருக்க வேண்டும்.

நான்காவது முகாம் முடிந்து ஒரு மாதம் கழித்து, அறுவை செய்துகொண்ட ஒரு கீரைக்காரப் பாட்டியைச் சிறப்பு விருந்தினராகக் கூட்டத்துக்கு அழைத்தோம். அழுது நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்து ஒருவர் வீடியோ எடுக்கத் தயாராக இருந்தார். பாட்டி மைக்கைத் தள்ளி வைத்துவிட்டுப் பேசினார். "கண்ணு நல்லாத் தெரியுது. ஆனா அன்னிக்கு நீங்க போட்ட சாம்பார்ல உப்பே இல்ல. அப்புறம், சொட்டு மருந்தை எட்டு மணிக்குப் போடு, பன்னெண்டு மணிக்குப் போடுன்னு பஸ்ஸை விட்டு எறங்கறப்ப உங்க ஆளுங்க சொன்னீங்க. எங்க வீட்ல கடியாரம் ஏது? நான் பாட்டுக்கு ஞாபகம் வந்தப்ப போட்டேன்." நான்கு நிமிடப் பேச்சு. நாங்கள் கேட்காமலே ஒன்றுக்கு இரண்டு வேலை கொடுத்துவிட்டார். கொடுத்த ஷீல்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இதுக்கு ஒரு டார்ச் லைட் கொடுத்திருக்கலாம் என்றார்.

ஐந்தாவது முகாமிலிருந்து சொட்டு மருந்துச் சீட்டில் மணி இல்லை. "காலை முதல் டவுன் பஸ் வரும்போது, பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு மணி அடிக்கும்போது, பள்ளிக்கூடம் விடும்போது, படுக்கும்போது" என்று எழுதுகிறோம். மருத்துவமனைக்காரர்களிடம் காட்டி, இடைவெளி சரிதான் என்று கேட்டுக்கொண்ட பிறகே அச்சுக்குக் கொடுத்தோம். எழுத்துத் தெரியாதவர்களுக்கு பஸ், மணி, பை மாட்டிய பிள்ளை, பாய் என்று நான்கு படம். நீங்களும் போடுவதானால் உங்கள் ஊர்ப் பேருந்து நேரத்தை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். எங்களூரில் ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ் வருவதில்லை.